காதலுக்கு விலை 29,000 பவுண்டு

"அண்ணே, அவங்க நாட்டுல சாதி கேக்கல. சம்பளச் சீட்டுதான் கேக்குறாங்க."

போன மாதம் ஒரு தம்பி போனில் சொன்னது. விழுப்புரம் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, கல்விக்கடன் வாங்கி இங்கிலாந்தில் முதுகலை படித்தவன். விசா முடிந்து ஊர் திரும்பிவிட்டான். அவன் மணந்திருக்கும் பெண் பிரிட்டிஷ் குடிமகள். தாத்தா பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கு இரும்பு வார்ப்பாலை வேலைக்குப் போன ரவிதாசி சமூகத்தவர். பேத்தி முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர். இரண்டு வீட்டிலும் சம்மதம். இவன் தமிழ், அவர் பஞ்சாபி; இருவருக்கும் நடுவே இங்கிலீஷும் அண்ணலின் படமும். எல்லாம் கூடிவந்த பிறகு குறுக்கே நிற்பது ஒரே ஒரு எண்.

அந்த எண் 29,000. பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் வெளிநாட்டுத் துணையைத் தன்னோடு வாழ அழைக்க வேண்டுமென்றால், ஆண்டுக்கு அத்தனை பவுண்டு சம்பாதிப்பதாக நிரூபிக்க வேண்டும். 2012 ஜூலையில், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, இது 18,600 பவுண்டாகத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் ஒரே தாவலில் 29,000. அப்போது பிரதமர் ரிஷி சுனக். இந்திய வம்சாவளி என்று நம்மூரில் பெருமைப்பட்டார்களே, அவரேதான். அதை 38,700 வரை ஏற்றும் திட்டமும் இருந்தது. பிறகு வந்த தொழிற்கட்சி அரசு அந்த ஏற்றத்தை நிறுத்தியது. ஆனால் 29,000-ஐக் குறைக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க 52 வாரமும் உழைத்தால் 23,795 பவுண்டு வரும். 29,000 வேண்டுமென்றால் வாரம் ஏறக்குறைய 49 மணி நேரம் உழைக்க வேண்டும். தொழிலாளி எழுதிக் கொடுத்தால் ஒழிய வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே நாட்டுச் சட்டம்தான். ஒரு சட்டம் போதும் என்று சொல்லும் உழைப்பு, இன்னொரு சட்டத்துக்குப் போதவில்லை.

தம்பி இங்கே சம்பாதிப்பது கணக்கில் வராது. அங்கே போய்ச் சம்பாதிக்கப் போவதும் வராது. வெளிநாட்டுத் துணை ஏற்கெனவே பிரிட்டனில் சட்டப்படி வேலையில் இருந்தால்தான் அவர் சம்பளத்தைச் சேர்ப்பார்கள்.

சம்பளம் இல்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம். எவ்வளவு? 88,500 பவுண்டு. நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி. ஆறு மாதமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. அப்பா பரிசாகக் கொடுத்தது செல்லும்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடன் செல்லாது, பரிசு செல்லும். யாருடைய அப்பாவிடம் ஒரு கோடி இருக்கும்? நிலம் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது என்று ஊரில் நாம் பேசும் பழைய கணக்குதான் அந்த விண்ணப்பப் படிவத்திலும் நடக்கிறது. நம் பிள்ளைகள் வெளிநாடு போவதே கடனில்தான்.

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் சாரம் அகமணமுறைதான் என்று கண்டு சொன்னார். தீட்டும் விருந்து விலக்கும் பிறகுதான். யார் யாரை மணக்கலாம் என்ற வேலிதான் முதலில். இந்த வருமான வரம்பை ஆணவக்கொலையோடு நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டால், தண்டவாளத்தில் கிடந்த நம் பிள்ளைகளுக்கு அவமரியாதை. ஆனால் வேலி என்பது அரிவாளோடுதான் வரும் என்றில்லை. பணமுள்ளவன் எந்த நாட்டிலும் பெண் எடுக்கலாம், கூலிக்காரன் உள்ளூரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரசு எழுதிவைத்தால், அதுவும் யார் யாரை மணக்கலாம் என்ற விதிதான்.

இதைச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "பொண்டாட்டியை வச்சுக் காப்பாத்த வக்கில்லாதவங்களுக்கு எதுக்குக் கல்யாணம்? அரசாங்கம் கேக்குறது நியாயந்தானே?" இதே வசனத்தை நம் பையன்களைப் பார்த்து எந்தெந்த வீட்டு வாசலில் சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? உண்மை என்னவென்றால், அந்த விசாவில் போகிறவருக்கு அரசின் உதவித்தொகைகள் கிடையாது. மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்ட வேண்டும். 33 மாத விசாவுக்கு மூன்று ஆண்டுத் தொகை, 3,105 பவுண்டு, முன்கூட்டியே. பிறகு வேலைக்குப் போய் வரியும் கட்ட வேண்டும். யார் தலையில் யார் சுமை?

வேலி புதிதும் அல்ல. 1979-இல் திருமணத்துக்காக வந்த ஓர் இந்தியப் பெண்ணை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்திய நாடு அது. பிறகு, குடியேறுவதற்காக மணக்கவில்லை என்று தம்பதிகளே நிரூபிக்க வேண்டும் என்ற விதி. அது 1997 வரை ஓடியது. அடுத்து 2012. அந்த வருமான வரம்பு சட்டவிரோதம் அல்ல என்றுதான் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் கண்டித்தது. அம்மாவை, அப்பாவைத் திரையில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகள் அந்த வழக்கின் பின்னால் இருந்தார்கள்.

இன்னொன்று. சமத்துவச் சட்டத்தில் சாதியையும் பாகுபாட்டின் அடிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் பிரிட்டன் நாடாளுமன்றமே அரசைக் கட்டாயப்படுத்தியது. 2018-இல் அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது, அப்போது பிரதமராகியிருந்த அதே தெரசா மேயின் அரசு. சாதியைச் சட்டத்தில் எழுத மனம் வரவில்லை. சம்பளத்தை எழுத வந்தது.

2025 ஜூனில் குடியேற்ற ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. 23,000 முதல் 25,000 பவுண்டு வரை வைத்தால் குறைந்தபட்சக் கூலிக்கு மேலான வேலை தேவைப்படாது என்றது. வரம்பே வேண்டாம் என்பது என் நிலை. ஆனால் அங்கே படிக்கும் நம் மாணவர்கள் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சங்கக் கூட்டங்களில், தங்கள் பகுதி எம்.பி. அலுவலகங்களில் பேசத் தொடங்கலாம். ரவிதாசி, வால்மீகி அமைப்புகளோடு சேர்ந்து பேசினால் இன்னும் நல்லது. சாதி வேலிக்கு எதிரான குரல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அந்தப் பெண் சனி, ஞாயிறு இரவுகளுக்கு இன்னொரு இல்லத்திலும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆறு மாதச் சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் சராசரி இறங்கிவிடும் என்று காய்ச்சலோடும் போகிறாராம். இதுவரை இரண்டு சீட்டு வந்திருக்கிறது. இன்னும் நான்கு.