சித்திரகாரருக்கும் சாஸ்திரத்தில் பங்கு உண்டு

கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1819-ல் சென்னை ராஜதானிக்கு வந்து, ஓய்ந்த வேளைகளிலெல்லாம் தாவர ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஸ்காட்லாந்துக்காரராகிய ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னையில் வெளியிட்ட தாவரச் சித்திரத் தொகுப்பைத் தென்னிந்தியத் தாவரங்களைப் பயில்வோர் இன்றும் பிரமாணமாகக் கொள்கின்றனர். ஆயினும் அதில் அடங்கிய 2,101 படங்களுள் மிகப் பலவற்றை எழுதிய ரங்கையா, கோவிந்து என்னும் இந்தியச் சித்திரகாரர்களின் பெயர் நம் கல்லூரிகளில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

துரை காட்டிய செடியைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சாஸ்திரத்தில் என்ன பாத்தியதை என்று கேட்போர் உண்டு. பறித்த மலர் சில நாழிகையில் வாடிவிடும். காகிதத்துக்கிடையே அழுத்தி உலர்த்தினாலோ உருவின் சாயல் எஞ்சுமே தவிர, வர்ணமும் சதைப்பற்றும் எஞ்சா. வர்ணப் புகைப்படம் தோன்றாத அக்காலத்தில் இவ்விரண்டையும் காத்துக் கொடுத்தது நீர்வர்ணமே. அன்றியும், பூச்சி கடித்த துவாரம் அந்த ஓர் இலைக்கு நேர்ந்த விபத்து, நரம்போட்டமோ அவ்வினத்துக்கே உரிய லக்ஷணம் என்று பகுத்தறிந்து, முன்னதை விடுத்துப் பின்னதைத் தீட்டி, வெவ்வேறு பருவங்களில் தோன்றும் மலரையும் கனியையும் ஒரே தாளில் இணைத்து, மகரந்தத் தாளையும் சூலகத்தையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டுவது வெறும் கைத்திறமையன்று. அது விவேகத்தின் காரியம். தாவரப் பெயரிடும் விதிகளே சில இனங்களின் பெயருக்குச் சித்திரம் ஆதாரமாக நிற்க இடமளிக்கின்றன.

வைட் இதை உணர்ந்தவர். ஆர்க்கிட் குடும்பத்தில் ஒரு பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே அவர் சூட்டினார். பிற்கால அறிஞர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டமையால், அந்தப் பெயரும் வழக்கொழிந்தது.

மூலச் சித்திரங்களில் பல எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. அங்கே ஹென்றி நோல்ட்டி என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர்களின் பெயரோடு நூல்களாக வெளியிட்டிருக்கிறார். நம் அருங்காட்சியகங்கள் நல்ல பிரதிகளையேனும் வருவித்துச் சித்திரகாரர் பெயருடன் காட்சிக்கு வைக்க வேண்டும். அப்படங்களை எடுத்தாளும் பாடநூல்களும் அப்பெயர்களைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பின்னும், அதை முதலில் விவரித்தவர் பெயரைத் தவறாமல் எழுதும் ஒரு சாஸ்திரத்துக்கு, அச்செடியை எழுதிக் காட்டியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது பெரிய சிரமமாகாது.