அழாத குழந்தைக்கும் வலிக்கும்

பச்சிளங்குழந்தைக்கு மார்ஃபின் ஆபத்து, வலியும் அதற்கு நினைவிருக்காது, எனவே அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாய்ப்பாலும் அணைப்புமே போதும் என்கிறார்கள். பெங்களூருவில் நன்கு படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள்.

மார்ஃபின் பற்றிய பயம் நியாயமானது. சில வாரக் குழந்தையின் உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், மூச்சு தடைபடலாம். அதற்காக வலிமருந்தே வேண்டாம் என்பது என்ன கணக்கு?

நினைவு இல்லாவிட்டாலும் உடல் தாங்கித்தான் தீர வேண்டும். போதிய வலிநீக்கமின்றி அறுவை செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு மன அழுத்த ஹார்மோன்கள் எகிறுவதையும் சிக்கல்கள் கூடுவதையும் இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த் 1987-லேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் காட்டிவிட்டார்.

மாற்று வழியும் கைவசம் இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில், பெரிய அறுவை முடிந்த, ஒரு வயதுக்குட்பட்ட 71 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. ரத்தநாளம் வழியே பாராசிட்டமால் பெற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் 66 சதவீதம் குறைவு. குடலிறக்கம் போன்ற அறுவையில், குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே வால் எலும்புக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியால் புபிவகைன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினால் இடுப்புக்குக் கீழே பல மணி நேரம் மரத்திருக்கும். இதில் புதுமையோ ஆடம்பரமோ எதுவுமில்லை. பாராசிட்டமாலிலும் அளவு தவறக் கூடாது. வயதும் எடையும் பார்த்துத்தான் தர வேண்டும்.

அணைப்பு வேண்டாமென்று யார் சொன்னது? மருந்தோடு சேர்ந்து அதுவும் வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாய், புருவம் புடைத்து, கண்கள் இறுகி, மூக்கோரம் மடிப்பு விழுந்த முகத்தைப் பார்த்தால் தயங்காமல் கேட்கட்டும்: "வலிக்கு என்ன குடுத்திருக்கீங்க, அடுத்தது எப்போ?"