அக்டோபர் 3, லெய்டன்: மீன் யாருக்கு, தண்ணீர் யாருக்கு?

லெய்டன் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது செப்பேடுதான். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு சோழர்கள் ஆனைமங்கலத்தைக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கிடந்ததால் ஊர்ப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகமே ஒரு பட்டினியின் பரிசு என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

நெதர்லாந்து போகிறவர்கள் துலிப் பூ பார்க்க ஏப்ரலுக்கு டிக்கெட் போடுவார்கள். பூ எங்கேயும் ஓடிப்போகாது. ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அக்டோபர் 2, 3 தேதிகளில் லெய்டனுக்குப் போவதுதான் சரி.

1574-ல் ஸ்பெயின் படை ஊரைச் சுற்றி வளைத்திருந்தது. உள்ளே பசியும் கொள்ளைநோயும். ஊரில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 6000 பேர், செத்துப் போனார்கள் என்கிறார்கள். சரணடைந்துவிடலாம் என்று கூட்டம் கூச்சல் போட, மேயர் வான் டெர் வெர்ஃப் "பசித்தால் என் கையை வெட்டித் தின்னுங்கள்" என்று நின்றாராம். கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு பூங்காவும் சிலையும் இருக்கின்றன. கடைசியில் அக்டோபர் 3 அன்று முற்றுகை முறிந்தது. போய்சோவின் படகுகள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தன. ஓர் அநாதைப் பையன் லாமன்ஸ்கான்ஸ் என்ற இடத்தில் எதிரி விட்டுப்போன பாத்திரத்தில் காய்கறியும் இறைச்சியும் கலந்த குழம்பைக் கண்டெடுத்தான் என்பது இன்னொரு கதை. (இன்று அங்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது.)

இன்றைக்கும் அக்டோபர் 3 காலையில், பழைய எடைமண்டபத்தில் அதே மீனையும் ரொட்டியையும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து வீடுகளில் ஹுட்ஸ்பாட்: கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் வேகவைத்து மசித்தது, கூடவே மாட்டிறைச்சி. 1574-ல் அங்கே உருளைக்கிழங்கு ஏது என்று கேட்கக்கூடாது :-) ராட்டினமும் பீர் கூட்டமும் தெருவை அடைத்திருக்கும், அதற்காக மட்டும் போகிறவர்களும் உண்டு. அவர்கள் காலையில் தூங்கிவிடுவார்கள், பார்க்க வேண்டியதைத் தவறவிடுவார்கள். வெற்றி விழா என்றால் பீரங்கியையும் வாளையும் காட்டுவதுதான் உலக வழக்கம். இந்த ஊர் வயிற்றை ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே மற்ற விழாக்களைவிட இது உசத்தி.

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. முற்றுகைக் காலத்தில் உலோகம் போதாமல், தேவாலயப் புத்தகத் தாள்களை ஒட்டி அழுத்தி நாணயம் அடித்தார்கள். ஐரோப்பாவின் முதல் காகிதப் பணம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஸ்வீடனில் வங்கி நோட்டு வந்ததே 1661-ல்தான். அதில் பொறித்த லத்தீன் வாசகத்துக்கு அர்த்தம் 'இது சுதந்திரத்துக்காக' என்பது. மூடிய கதவுகளுக்குள் வாங்கவே எதுவும் இல்லாத ஊரில், ஒரு தாள் துண்டை நம்பி ரொட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். பணம் என்பது நம்பிக்கை என்று பாடப்புத்தகம் நாலு பக்கம் எழுதுவதை இந்த ஒரு நாணயம் சொல்லிவிடும்.

ஆனால் இதே கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கத்தைப் புரட்டினால் ஓர் இடிப்பு இருக்கிறது. படகுகள் எப்படி நிலத்தின் மேல் வந்தன? 1574 ஆகஸ்ட்டில் மாஸ், ஐஸல் ஆறுகளின் கரைகளை வேண்டுமென்றே வெட்டினார்கள். தண்ணீர் உடனே ஊர்வரை போகவில்லை. வாரக்கணக்கில் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் தேங்கி நின்றது, பிறகு புயல்காற்று வந்து மட்டம் ஏறித்தான் படகு நகர்ந்தது. அந்த நிலம் லெய்டன்காரர்களுடையது மட்டுமா? வழி நெடுகக் கிராமத்து விவசாயிகளுடையது. ஊருக்கு மீன் கிடைத்தது. அடுத்த வருடம், 1575 பிப்ரவரி 8 அன்று, பல்கலைக்கழகம் கிடைத்தது. வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று இளவரசர் வில்லியம் கேட்டதாகவும் ஊரார் படிப்பைத் தேர்ந்தெடுத்ததாகவும் பெருமையாகச் சொல்வார்கள். வயல் மூழ்கியவர்களை அப்படி யாராவது கேட்டதாக ஒரு கதைகூட இல்லை.

கரையை வெட்டியது தப்பு என்று சொல்ல வரவில்லை. வெட்டாவிட்டால் ஊரே போயிருக்கும். ஆனால் செலவு ஒருவர் தலையிலும் வரவு இன்னொருவர் பையிலும் விழுந்தால், விழாவிலாவது செலவு செய்தவனுக்கு ஓர் இடம் வேண்டாமா? மேயர், அநாதைப் பையன், படகோட்டி எல்லோரும் கதையில் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன குடியானவன் வெறும் பின்னணிதான். அணை கட்டும்போதும் நாற்கரச் சாலை போடும்போதும் 'பெரிய நன்மைக்காக' என்று சொல்லப்படுகிற ஊர்களிலெல்லாம் இதே கணக்குத்தான் எழுதப்படுகிறது. 2024-ல் 450 வருடம் கொண்டாடியாயிற்று. இனி வரும் ஊர்வலங்களில் அந்தக் குடியானவனுக்கு ஒரு வண்டி ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். அக்டோபர் 3 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் விழா திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகும். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடவும். மறுநாள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஊருக்கு வெளியே தெற்குப் பக்கம் போனால், கால்வாய்த் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருப்பதைப் பார்க்கலாம். அன்றைக்கு மூழ்கியவை அந்த வயல்கள்தான்.