பகடை எவர் கையில்?

கலையோ விளையாட்டோ, அது படைத்தவர் கையினின்றும் ஆடுவோர் கையினின்றும் நழுவி விற்போர் கைக்கு மாறும்பொழுது அதன் உயிர் ஒடுங்கத் தொடங்குகிறது. இவ்வுண்மைக்குத் தெளிவான சான்றாக இன்று நிற்பது, அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டாகும். 'கதையாட்டம்' என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

கதையாட்டத்திற்குப் பலகை கட்டாயமில்லை. வெற்றி தோல்வி என்ற கணக்கும் அதற்கில்லை. நால்வரோ ஐவரோ மேசையொன்றைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்பதை அவ்வவ்விடத்தில் தாமே முடிவு செய்வர். முடிவு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் இருபது முகங்கொண்ட பகடை உருளும். கூத்துக்களரியை அறிந்த ஈழத்தமிழருக்கு இது விளங்காத பொருளாகாது. அங்கே அண்ணாவியார், இங்கே கதைநடத்துநர். அங்கே ஏடு, இங்கே விதிநூல். ஆனால் கூத்தின் முடிவு ஏட்டிலே முன்னரே எழுதப்பட்டுள்ளது. கதையாட்டத்தின் முடிவை ஆடுவோரே எழுதுகின்றனர். ஆடுவோரே ஆக்கியோருமாகும் இத்தகைய விளையாட்டு, ஒரு கம்பனியின் தனியுடைமையாக இருத்தல் தகுமா என்பதே இன்று ஆர்வலர்கள் எழுப்பும் அடிப்படை வினா.

வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரின் ஆக்கமான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974 இல் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகளே. ஐந்தாண்டுகள் கழிந்ததும், தமக்குரிய ஆக்கவுரிமைப் பணத்துக்காக ஆர்னிசன் வழக்காட வேண்டியதாயிற்று. கைகாக்ஸ் 1985 இல், தாம் சேர்ந்து நிறுவிய கம்பனியின் கட்டுப்பாட்டையே இழந்தார். அக்கம்பனியை 1997 இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வாங்கிற்று. விசார்ட்ஸை 1999 இல் ஹஸ்ப்ரோ என்னும் பெருநிறுவனம் விழுங்கிற்று. 2023 டிசம்பரில் ஏறத்தாழ 1,100 பேரை வேலையினின்றும் நீக்கப்போவதாக ஹஸ்ப்ரோ அறிவித்தது. விசார்ட்ஸ் பிரிவு இலாபம் ஈட்டிய அதே ஆண்டில் நிகழ்ந்தது இது. எழுதுவோரும் வரைவோரும் உழைத்துக் கட்டிய உலகத்திலிருந்து முதலில் வெளியேற்றப்படுவோரும் அவர்களே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இரண்டாவது குறை உரிமம் பற்றியது. 2000 ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் 'திறந்த ஆட்ட உரிமம்' ஒன்றை வெளியிட்டது. அதனை நம்பிச் சிறு பதிப்பாளரும் தனி எழுத்தாளரும் இருபதாண்டுகளுக்கு மேலாகக் கதைகளும் துணைநூல்களும் ஆக்கினர். அவர்களின் உழைப்பால் மூலநூலின் விற்பனையும் பெருகிற்று. ஆனால், 2023 ஜனவரியில் கசிந்த புதிய வரைவோ பழைய உரிமம் இனிச் செல்லாது எனக் கூறியது. ஏழரை இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வரையும் கேட்டது. பிறர் படைப்பைத் தான் விலைகொடாமல் என்றென்றும் பயன்படுத்தும் உரிமையையும் அது கம்பனிக்கு வழங்கியது.

திருகோணமலை மக்களுக்கு இதன் பொருளை விளக்க நீண்ட உரை தேவையில்லை. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே தம் கோட்டையைக் கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்குன்றைக் கைமாற்றிக் கொண்டனர். கல் மட்டும் கோயிற் கல்லாகவே இருந்தது. பிறர் செதுக்கிய கல்லால் தன் மதிலை உயர்த்துவது ஆதிக்கத்தின் பழைய வழக்கம். கசிந்த அவ்வரைவும் அவ்வழக்கத்தையே பின்பற்றியது.

ஆயினும் ஆர்வலர் வாளாவிருந்திலர். மாதச் சந்தாக்களை நிறுத்தினர். கண்டனம் எங்கும் எழுந்தது. அவ்வாண்டு ஜனவரி 27 ஆம் திகதி கம்பனி பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடாது விட்டதோடு, விதிகளின் அடிப்படைத் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' என்னும் பொது உரிமத்தின் கீழ் மீளப்பெற முடியாத வகையில் வெளியிட்டது. ஒன்றுபட்ட நுகர்வோரின் முன் பெருமூலதனமும் பணியும் என்பதற்கு இதனினும் அண்மைக்காலச் சான்று வேண்டுமா?

எனினும் நோய் தீர்ந்துவிடவில்லை. 2022 இல், ஆட்டத்துக்கான இணையச் சேவையொன்றை ஹஸ்ப்ரோ 14 கோடியே 63 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அவ்வாண்டின் இறுதியில் விசார்ட்ஸின் தலைவர், இவ்விளையாட்டிலிருந்து பெறத்தக்க பணம் இன்னும் போதியளவு பெறப்படவில்லை என்று முதலீட்டாளரிடம் கூறினார். 2024 ஆகஸ்டில், மக்கள் முன்னர் பணங்கொடுத்துப் பெற்ற மந்திர விதிகளின் இடத்தில் புதிய பதிப்பின் விதிகளை அச்சேவையில் புகுத்த முற்பட்டனர். எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் அதனையும் கைவிட்டனர். அலமாரியில் உள்ள புத்தகத்தின் பக்கங்களை வெளியீட்டாளர் இரவோடிரவாக வந்து மாற்றிச் செல்ல இயலாது. வாடகைக்கு விடப்பட்ட புத்தகத்தில் அது இயலும். ஆகவேதான், வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியதாக வேண்டும் என்று ஆர்வலர் வற்புறுத்துகின்றனர்.

மூன்றாவது குறை இவற்றினும் ஆழமானது. இவ்விளையாட்டின் பழைய விதிநூல்கள் சில இனங்களைப் பிறப்பாலேயே தீயவையாக வகுத்தன. அவ்வினத்தில் பிறந்தவனைக் கொல்வதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை, பிறப்பே காரணம். 1985 இல் வந்த 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' என்ற நூலோ ஆசியா முழுவதையும் ஒரே காட்சித்திரையாகச் சுருட்டியது. 2020 இல் பழைய நூல்களின் விற்பனைப் பக்கங்களில் கம்பனி ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. 2022 இல் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் ஆக்கிய பதின்மூன்று கதைகளின் தொகுதி வந்தது. 2024 இன் புதிய விதிநூலில் 'இனம்' என்ற சொல்லே கைவிடப்பட்டது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் சொல்லை மாற்றியதோடு கணக்குத் தீர்ந்தது என்று கொள்வது பேதைமை.

இராவணன் வெட்டும் கன்னியா வெந்நீரூற்றுகளும் உள்ள மாவட்டம் திருகோணமலை. அரக்கன் என்று காவியம் முத்திரையிட்டவனை, தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தைக் கீறி நீர் வருவித்த மகனாக நினைவிற் கொண்ட மண் அது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்', அதே இராவணனை அவலநாயகனாகக் காட்டிற்று. பிறப்பால் தீயவன் என்ற கோட்பாட்டுக்குத் தமிழ்க் கூத்து மரபு தந்த மறுமொழி அது. அன்றியும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இம்மாவட்டம், பிறப்பை வைத்து மனிதரை எதிரியென எண்ணியதன் விலையைப் பல பத்தாண்டுகள் செலுத்தியிருக்கிறது. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்பக் காத்திருந்த ஆண்டுகள் அவ்விலையின் ஒரு பகுதி. இத்தகைய இடத்தில், பிறனொருவனின் பாத்திரத்தை ஏற்று, அவன் அச்சத்தையும் ஆசையையும் தன்வாயாற் பேசிப் பார்க்கும் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அது மனப்பயிற்சி. அதனாலேயே, அது எத்தகைய உலகத்தை மேசையில் விரிக்கிறது என்பதும் அற்ப வினா ஆகாது.

இனி, விலையும் மொழியும். 2024 முதல் வெளிவந்த மூன்று அடிப்படை நூல்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா எனக் கொண்டால், கப்பற்கூலியும் தீர்வையும் சேர்க்குமுன்னரே மூன்றும் 45,000 ரூபாவாகின்றன. உட்துறைமுக வீதியில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்கோ மகளுக்கோ இது எட்டாக்கனி. எட்டினாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். பொது உரிமத்தின் கீழ் வந்த விதித்தொகுப்பைக் கம்பனி பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் தானே வெளியிட்டது. அப்பட்டியலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. சந்தை பெரிதாக உள்ள இடத்தில்தான் மொழிக்கு மதிப்பு என்பது மூலதனத்தின் இலக்கணம்.

இங்கே இரு மறுப்புகள் எழக்கூடும். வணிக நிறுவனம் இலாபம் தேடாமல் வேறென்ன தேடும் என்பது முதலாவது. இலாபத்தை எவரும் மறுக்கவில்லை. எழுதியவனுக்குக் கூலி, வாங்கியவனுக்கு உடைமை, கொடுத்த வாக்குக்கு உறுதி என்ற மூன்றையும் காத்து இலாபம் ஈட்டட்டும் என்பதே கோரிக்கை. அவற்றை மீறியபோதெல்லாம் கம்பனி பின்வாங்க நேர்ந்தமையே, மீறல் நல்ல வணிகமும் ஆகாது என்பதைக் காட்டும்.

இரண்டாவது மறுப்பு வீட்டிலிருந்தே வருவது. தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் இருக்க, அந்நியர் விளையாட்டைப் பற்றித் தமிழ் மாணவர் ஏன் கவலைப்பட வேண்டும்? கேள்வி நியாயமானதே. ஆனால் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. பச்சீசி என்ற இந்திய விளையாட்டு எளிதாக்கப்பட்டு, 1896 இல் இங்கிலாந்தில் 'லூடோ' எனக் காப்புரிமை பெற்றது. வினைப்பயனை உணர்த்திய பரமபதம், அதே நூற்றாண்டின் இறுதியில் பாம்பும் ஏணியுமாக அங்கே பெட்டியில் அடைக்கப்பட்டது. அவ்விரண்டையும் இன்று இங்குள்ள கடைகளில் பிள்ளைகள் ஆங்கிலப் பெயரோடு வாங்குகின்றனர். அடைத்தவனுக்கு உரிமை, ஆடிய சமூகத்துக்கு நினைவு மட்டும். பிறர் விளையாட்டை அறியாதிருப்பது இவ்விழப்புக்கு மருந்தாகாது. கற்று, தன்வயமாக்கி, தன் மொழியில் ஆக்குவதே மருந்து. சென்னையில் 2002 இல் தொடங்கிய 'கிரீடா' பழைய பலகை விளையாட்டுகளை மீட்டுப் புதிதாக வெளியிட்டு வருவது அதற்கொரு முன்மாதிரி.

சட்டமும் இதற்குத் தடையில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எண்ணக்கரு, செயன்முறை, முறைமை ஆகியவற்றைப் பதிப்புரிமைக்கு உட்படுத்தவில்லை. விதியை எடுத்துரைக்கும் வாசகத்துக்கே பாதுகாப்பு. ஆடும் முறைக்கு உடைமையாளர் இல்லை. வாசகமுங்கூடப் பொது உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் அதனைத் தமிழாக்கலாம், திருத்தலாம், அச்சிட்டு விற்கவுஞ் செய்யலாம். எவரிடமும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய நிலை இல்லை.

ஆகவே கோரிக்கைகள் இருதிறத்தன. கம்பனிகள் உரிமத்தின் வாக்கைக் காத்தல் வேண்டும்; விற்ற பொருளைத் திருத்திப் பறித்தல் ஆகாது; எழுதுவோரைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாக எண்ணும் போக்கு ஒழிதல் வேண்டும்; பிறர் பண்பாட்டை எழுதுங்கால் அப்பண்பாட்டாரையே எழுதவைத்தல் வேண்டும். இவை உலகெங்குமுள்ள ஆர்வலரின் குரல். அக்குரலோடு தமிழ்க்குரலும் சேர்தல் கடன்.

மற்றையது தமிழரை நோக்கியது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கும் நடாத்துகின்றன. அவற்றோடு விதித்தொகுப்பின் தமிழாக்கத்தையும் ஏன் மேற்கொள்ளலாகாது? மொழித்துறை மாணவர் சொல்லாக்கத்தையும், நாடகத்துறை மாணவர் கதைநடத்தும் முறையையும் பார்த்துக்கொள்ளலாம். சிங்கள மாணவரோடு இணைந்து இருமொழிப் பதிப்பாகவே அதனை வெளியிடலாம். கோணமாமலையின் தொன்மங்களும் மீனவரின் கடலும் கப்பற்றுறையின் கதைகளும் அதிற் களமாகட்டும். விலை ஒரு மாணவனின் ஒருநாட் பேருந்துக் கட்டணத்துக்கும் தேநீர்ச் செலவுக்கும் மேற்படாதிருக்கட்டும். 2023 இல் ஆர்வலர் போராடித் திறந்த கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. அதனூடாக நுழையாதவரையில், பகடையைத் தமிழர் உருட்டினாலும் ஆட்டம் பிறருடையதே.