மல்லர் கோலமும் மாந்தர் நகையும்

கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்தில் வளர்ந்த எம்மனோர்க்கு இளமை தொட்டே பழகிய காட்சிகள் இரண்டு. ஒன்று, கோடைக்காலத்தில் சுற்றூர்த் திரௌபதியம்மன் கோயில்களின் முன்றிலில் விடியுமளவும் நிகழும் தெருக்கூத்து. மற்றொன்று, தொலைக்காட்சியிலும் இந்நாளிற் கைப்பேசியிலும் யாம் கண்டு களிக்கும் அமெரிக்க மற்போர்; சிறுவரும் 'ரெஸ்லிங்' என வழங்குவது. இவ்விரண்டும் தம்முள் ஒவ்வாதன போலத் தோன்றும். ஆயினும், இரண்டும் கூத்தே என்க. அம்மற்போரின் வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்பட்டவை. மல்லர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, அதற்குரிய நடையும் உடையும் பேச்சும் கொண்டு அரங்கேறுகின்றனர். அவ்வேடங்களில் ஆண்மையும் பெண்மையும் எவ்வாறு காட்டப்படுகின்றன, காண்போர் அவற்றை எவ்வாறு கொள்கின்றனர் என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம்முடைய குற்றமே.

ஒரு கோடை விடுமுறையில், அண்டைச் சிற்றூர் ஒன்றிலே துகிலுரிதல் கூத்து நிகழ்ந்தது. பாஞ்சாலியாக வந்தவர் எம் வயதினரான ஓர் இளைஞர். அவர் அவை நடுவே நின்று அழுதபோது, முதியோர் எழுந்து கற்பூரம் ஏற்றிக் கைகூப்பினர். எம் கண்களும் கலங்கின. மறுநாட் காலையில் அவ்விளைஞர், முகத்து அரிதாரம் முற்றும் நீங்காமலே தேநீர்க் கடைக்கு வந்தனர். உடனே எம் தோழர் ஒருவர், "இதோ கோல்டஸ்ட் வந்துவிட்டான்!" என்று கூவினார். கடை முழுதும் நகைத்தது, யாமும் நகைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல், தேநீரைப் பாதியிலே வைத்துவிட்டு எழுந்து போயினர். இரவில் தொழுத கைகள் காலையில் தட்டி நகைத்தது எதனால் என்னும் வினா அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை.

கோல்டஸ்ட் என்பது 1995ஆம் ஆண்டு அமெரிக்க மற்போர் அரங்கில் தோன்றிய ஒரு வேடம். பொன்னிற உடையும் முகப்பூச்சும் அணிந்து, எதிர்நின்ற மல்லரைக் காமக் குறிப்புத் தோன்றத் தீண்டி, அவர்க்கு அருவருப்பும் காண்போர்க்குச் சினமும் மூட்டுவதே அவ்வேடத்தின் தொழில். இம்முறைக்கு முன்னோடி 1940களிற் புகழ்பெற்ற 'கார்ஜியஸ் ஜார்ஜ்' என்னும் ஜார்ஜ் வாக்னர் ஆவர். அவர் தம் கூந்தலைப் பொன்னிறமாக்கிச் சுருட்டி, பட்டு மேலாடை புனைந்து, ஏவலாளன் அரங்கெங்கும் நறுமணம் தெளிக்க நடந்து வருவர். அவர் அடிபட்டு வீழ்வதைக் காணும் ஆசையாலேயே மக்கள் பணங்கொடுத்துத் திரண்டனர். மக்கள் நெஞ்சிற் கிடந்த வெறுப்பே அவ்வாணிகத்திற்கு முதலாயிற்று.

இவ்விடத்து நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஒருவன் புனையும் கோலம் வேறு. அவன் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணரும் உணர்வு வேறு. அவன் நெஞ்சு யாரை விரும்புகின்றது என்பது வேறு. காண்போர் இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்கின்றனர். ஜார்ஜ் வாக்னரும், கோல்டஸ்ட்டாக வந்த டஸ்டின் ரன்னல்ஸும் பெண்களை மணந்து மக்களையும் பெற்று வாழ்ந்தவர்கள். மறுதலையாக, 1979இல் இண்டர்காண்டினென்டல் பட்டத்தை முதன்முதற் பெற்ற பாட் பாட்டர்சன், தாம் ஆடவரை விரும்புபவர் என்பதை 2014இல், எழுபது கடந்த முதுமையிலேதான் தொலைக்காட்சியில் உலகறியச் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டில் டேரன் யங் என்னும் மல்லர், தொழிலில் இருக்கும்போதே அவ்வாறு கூறினார். இவர் வேடத்திலோ பெண்மைச் சாயல் சிறிதும் இருந்ததில்லை. கோலத்தைக் கொண்டு நெஞ்சை அளத்தல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பாட்டர்சன் பணியாற்றிய அந்நிறுவனமே 2002இல் பில்லி, சக் என்னும் இரு மல்லர்க்கு அரங்கிலே திருமணம் என முழங்கி, இறுதியில் அஃது வெறும் விளம்பரச் சூழ்ச்சி என்று கதையை முடித்தது. ஒருவர் வாய்திறந்து சொல்ல அஞ்சிய வாழ்வு, அவர் கண்முன்னே நகைப்பொருளாக விற்கப்பட்டது.

மகளிர் நிலையும் இதனின் வேறன்று. 1954இல் ஹமீதா பானு என்னும் மல்லி, தம்மை வெல்பவரையே மணப்பதாக அறைகூவி, பரோடாவில் ஓர் ஆடவரை இரண்டு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். ஆண்களை வென்று 1999இல் இண்டர்காண்டினென்டல் பட்டம் பெற்ற சைனா என்பாரைப் பலர் 'இவள் பெண்ணோ' என இகழ்ந்தனர். வலிய பெண்ணைக் கண்டால் அவளைப் பெண்ணல்லள் என்பது, அன்றேல் அவளை அடக்க ஒருவன் வேண்டும் என்பது உலகியல்பு. மதுரையை ஆண்ட அல்லியைத் தந்திரத்தால் தாலி கட்டி அடக்கினான் விசயன் என்னும் கதையைக் கேட்டுக் களித்த நமக்கு, அமெரிக்கரை மட்டும் பழிக்க உரிமையில்லை. ஆயினும், 2017இல் அரியானா நாட்டுக் கவிதா தேவி, சல்வார் கமீஸ் உடுத்தே அமெரிக்க அரங்கில் மற்போர் செய்தார். பெண்ணுடையும் பெருவலியும் தம்முட் பகையல்ல என்பதை அவர் சொல்லாமற் காட்டினார்.

நம் முன்னோர் இப்பொருளை எங்ஙனம் கண்டனர்? சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய மற்போரைச் சாத்தந்தையார் பாடினார். அக்கிள்ளியின்மேற் கொண்ட காதலை நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர் தாமே பாடினார். மல்லன் உடல் காண்போர் நெஞ்சிற் காதலையும் எழுப்பும் என்பதைப் புறநானூறு மறைக்கவில்லை. நம் நடுநாட்டுச் சனியூர் தந்த வில்லிபுத்தூரார் பாரதத்திலோ, விராடன் நகரத்தில் வீமன் மடைத்தொழிலனாய் இருந்து மற்போரில் வெல்கின்றான். அவன் இளவலாகிய விசயன் பேடிக்கோலம் பூண்டு ஆடல் கற்பிக்கின்றான். பின்னர் நிரை மீட்கத் தேரேறியவன் அவ்விசயனே. ஒரே அவையில் இரு கோலங்கள். இரண்டும் வீரர்க்கே உரியன. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தில் உயர்திணை மருங்கிலேயே வைத்தார். இலக்கணம் உயர்திணையில் வைத்தாரை நம் நகைப்பு அஃறிணையிற் றள்ளுகின்றது.

"இஃதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, கூத்தென்றால் தீயோன் ஒருவன் வேண்டுமன்றோ?" என்பார் உளர். வேண்டும், மறுக்கவில்லை. பொருளாசையால், வஞ்சனையால், நட்பிற் பிழைத்தலால் ஒருவன் தீயோன் ஆகலாம். நடை மென்மையாயிருத்தலாலே மட்டும் தீயோன் ஆதல் எங்ஙனம்? 2020இல் திருநங்கையாகிய நைலா ரோஸ், ஏ.இ.டபிள்யூ. நிறுவனத்தின் மகளிர் பட்டத்தை வென்றார். அவர் பூண்டதும் அச்சந்தரும் கொடிய மல்லியின் வேடமே. அவர் திருநங்கையாதலை நகையாக்காமலே காண்போர்க்கு அச்சமூட்ட இயன்றது.

இனி, ஆண் பெண்ணுடை தரித்தலை மோசேயின் நியாயப்பிரமாணம் விலக்கியதன்றோ என நம் சபையார் சிலர் வினவுவர். அதனை அறிவோம். ஆயினும், அண்ணகர்க்குக் கர்த்தருடைய ஆலயத்தில் இடமும் பெயரும் உண்டென்று ஏசாயா தீர்க்கர் உரைத்ததையும், எத்தியோப்பிய அண்ணகனுக்குப் பிலிப்பு தடையின்றி ஞானஸ்நானம் கொடுத்ததையும் அவ்வேதத்திலேயே படிக்கின்றோம். எவ்வாறு கொள்ளினும், ஒருவரைத் தேநீர்க் கடையில் நாணச் செய்து எழுப்பி விடுதற்கு வேதத்தில் ஆதாரம் யாண்டும் இல்லை.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்திலே சித்திரைத் திங்களில் திருநங்கையர் பல நாடுகளினின்றும் வந்து, அரவானுக்கென்று தாலி கட்டி, மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர். அவரைக் காணவும் கூட்டம் திரள்கின்றது. அக்கூட்டத்துள் நகைக்கச் செல்வாரும் உளர். மூன்றாம் பாலினத்தவர்க்கு உரிமையுண்டென 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் எழுதப்படும்; நகைப்போ நம் வாயிற் பிறப்பது. அதனை அடக்க வேண்டியவர் நாமே.

மற்போர் காண்பதை விடுமாறு யாம் கூறவில்லை, யாமும் விடப்போவதில்லை. வேடத்தை வேடமாகக் காண்க. வேடம் புனைந்தவரை மனிதராகக் காண்க. இவ்வளவே எம் வேண்டுகோள். அடுத்த கோடையில் அவ்விளைஞர் மீண்டும் பாஞ்சாலியாக வருவரேல், கூத்து முடிந்த காலையில் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, முன்னை நகைப்புக்கு மன்னிப்பும் வேண்டுவோம். அவர் ஏற்பாரோ, அறியோம். கேட்பது எம் கடன்.