சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

போன வாரம் ஒன்னுவிட்ட தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, வீட்டுக்கு ஒரு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கணும். நீங்கதான் இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே. மாடல் பேரு மட்டும் சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறேன்."

"மாசத்துக்கு எத்தனை பக்கம்டா அடிப்ப?"

"பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட், எப்பவாச்சும் ரயில் டிக்கெட், ஆதார் காப்பி... ஒரு பத்துப் பக்கம் இருக்கும்ணே."

"அப்ப வாங்காத."

எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஏதோ பொறாமையில சொல்றேன்னு நினைச்சிருப்பான் :-) அவனுக்கு அரைமணி நேரம் சொன்னதை இங்கயும் எழுதி வைக்கிறேன். பிரிண்டர் வாங்கப் போறவங்க யாருக்காவது உதவலாம். ரெண்டு பிரிண்டர் வாங்கி, அதுல ஒன்னுல நல்லா அடிபட்டவன் சொல்றேன்.

முதல்ல என் வண்டவாளம். 2020 ஊரடங்கு நேரத்துல தங்கமணி தான் பார்த்த ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுட்டு வீட்டுலயே கணக்கு எழுத ஆரம்பிச்சாங்க. திருச்சி தில்லைநகர் பக்கம் ஏழெட்டு கடைக்காரங்களுக்கு ஜி.எஸ்.டி. வேலை, பாங்க் லோனுக்கு கணக்கு தயார் பண்றது, இப்படி. "ஒரு பிரிண்டர் வேணுங்க"ன்னு சொன்னதும் நான் சிங்கம் மாதிரி கிளம்பிட்டேன். 4,000 ரூபாய்க்கு பிரிண்டர், ஸ்கேனர், காப்பியர் மூணும் ஒன்னுல. அட்டையில 4800 டி.பி.ஐ.னு பெருசா போட்டிருந்தான். கூட போட்டோ பேப்பர் பாக்கெட் இலவசம். விடுவேனா? வாங்கி வந்து மேசை மேல வச்சு, "பார்த்தியா!"ன்னு நின்னேன். அவங்க மாசம் எத்தனை பக்கம் அடிப்பாங்க, எதை ஸ்கேன் பண்ணுவாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. கம்ப்யூட்டர் சாமான்னா வீட்டுல எனக்குத்தானே தெரியும்!

கூட வந்த கார்ட்ரிட்ஜ் மூணாவது வாரமே காலி. பெட்டியோட வர்ற கார்ட்ரிட்ஜ்ல பெரும்பாலும் மை முழுசா இருக்காது, முதல் தடவை குழாயெல்லாம் நிரப்பவே அதுல ஒரு பங்கு போயிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. புதுசு கறுப்பு மட்டும் 800 ரூபாய். அட்டையில 120 பக்கம்னு போட்டிருந்தது. வகுத்துப் பாருங்க, பக்கத்துக்கு 6 ரூபாய் 67 காசு! தெருமுனை ஜெராக்ஸ் கடையில ரெண்டு ரூபாய்க்கு காப்பி எடுக்குற ஊர்ல, நான் வீட்டுக்குள்ள ஏழு ரூபாய்க்கு கடை போட்டிருக்கேன்.

இதாவது பரவாயில்ல. 2021 நவம்பர்ல அந்த அடைமழை நாட்கள்ல ஒரு நாள். மறுநாள் காலையில பாங்க்ல கொடுக்க வேண்டிய லோன் ஃபைல், 40 பக்கம், எல்லாமே கறுப்பு எழுத்து. பன்னெண்டாவது பக்கத்துல மெஷின் நின்னுடுச்சு. நீல மை தீர்ந்துடுச்சாம், மாத்தினாத்தான் மேல அடிக்குமாம். கறுப்பு எழுத்துக்கு நீல மை எதுக்குய்யா? ஒரு மை சுத்தமா வத்திட்டா ஹெட் காஞ்சு கெட்டுப் போகும்னு இதுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. காரணம் நியாயமாவே இருக்கட்டும். ராத்திரி எட்டே முக்காலுக்கு நான் எங்க போய் நீல மை வாங்குறது?

நான் அன்னிக்கு வெளியூர்ல. அவங்க ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு மழையில ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்காங்க. ஷட்டரை பாதி இறக்கின கடைக்காரர் மறுபடி தூக்கி, மீதி 28 பக்கத்தை அடிச்சுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தா, கடையில அடிச்ச பக்கங்கள் ஓரம் ஈரமானதோட தப்பிச்சுது. நம்ம பிரிண்டர்ல அடிச்ச பன்னெண்டு பக்கமும் மை கரைஞ்சு சாம்பார் ஊத்தின இலை மாதிரி. விடிகாலை எழுந்து, கடை திறக்குற வரைக்கும் வாசல்லயே நின்னு அதை மறுபடி அடிச்சுக்கிட்டு பாங்குக்குப் போனாங்க.

ஊர்லேர்ந்து வந்ததும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். சண்டையெல்லாம் போடல. "இது உங்களுக்கு விளையாட்டு சாமான். எனக்கு இது வேலை பாக்குற மெஷின்ங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான். அதுக்கு சண்டையே போட்டிருக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மெஷினை மலிவா கொடுத்துட்டு மையில காசு பாக்குறதுதான் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வியாபாரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பாட்டிங்க சொன்னது இதுக்கு அச்சு அசலா பொருந்தும். வெளி மை போட முடியாதபடி கார்ட்ரிட்ஜ்ல சிப் வைக்கிறதும் இதுக்குத்தான். இந்தத் தகவலை வாங்குறவங்களுக்குத் தெளிவா சொல்லலைன்னு 2020 டிசம்பர்ல இத்தாலியோட போட்டி ஆணையம் ஹெச்பி கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி 2017-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்குல, கார்ட்ரிட்ஜை ஒருதடவை வித்துட்டா அதோட காப்புரிமை பிடி முடிஞ்சுது, மத்தவங்க அதை நிரப்பி விக்கிறதை காப்புரிமையைச் சொல்லித் தடுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா தீர்ப்பு வந்தாலும் சிப் சிப்தானே. அது கோர்ட்டுக்குப் போறதில்ல, நம்ம மேசை மேலயே தீர்ப்பு சொல்லிடுது.

இதுக்கு வழி காட்டினது நம்மள மாதிரி ஊர்க்காரங்கதான். பிரிண்டர் பக்கத்துல மை டப்பா வச்சு, டியூப் சொருகி ஓட்டுற வித்தையை கடைக்காரங்க பலரும் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் எப்சன் 2010-ல இந்தோனேசியாவுல, தானே டேங்க் வச்ச பிரிண்டரை முதல்ல இறக்கிச்சு. பிறகு கேனான், பிரதர், ஹெச்பி எல்லாரும் அந்த வழிக்கு வந்தாங்க. இதுல கணக்கு தலைகீழ்: மெஷின் விலை ஜாஸ்தி, மை மலிவு. எங்க ரெண்டாவது பிரிண்டர் இந்த ரகம்தான். 2022-ல ஏறக்குறைய 18,000 ஆச்சு. கறுப்பு மை பாட்டில் 500 ரூபாய் சொச்சம், 6,000 பக்கம்னு போட்டிருக்கு. பக்கத்துக்கு பத்து பைசா கூட வரல. பேப்பர்தான் இப்ப மையை விட விலை!

ஆனா அந்த 6,000-ஐ அப்படியே நம்பிடாதீங்க. ஐ.எஸ்.ஓ. 24711-னு ஒரு அளவுகோல் இருக்கு. அஞ்சு மாதிரிப் பக்கங்களை வச்சுக்கிட்டு, மை தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிச்சு எண்ணுறது. நாம அப்படியா அடிக்கிறோம்? இன்னிக்கு ரெண்டு, வியாழக்கிழமை நாலு. இடையில மெஷின் தன்னைத்தானே கழுவிக்கிற ஒவ்வொரு தடவையும் மை போகும். கழுவின மை உள்ள ஒரு பஞ்சுல போய் சேரும். அது நிறைஞ்சதுன்னு மெஷின் கணக்கு பண்ணிட்டா ஓடாது. அந்தப் பஞ்சை நாமளே மாத்துற மாதிரி தனி டப்பாவா வச்ச மாடலும் இருக்கு, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போக வேண்டிய மாடலும் இருக்கு. வாங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி இது. டி.பி.ஐ. இல்ல.

இப்ப தம்பிக்கு போட்ட கணக்கு. ரெண்டு மெஷினுக்கும் விலை வித்தியாசம் 14,000. பக்கத்துக்கு மிச்சம் சுமார் ஆறரை ரூபாய். அப்ப கிட்டத்தட்ட 2,150 பக்கம் அடிச்சாத்தான் வித்தியாசம் கைக்கு வரும். தங்கமணி மாசம் 300 பக்கம் அடிக்கிறாங்க, ஏழெட்டு மாசத்துல சரியாப் போச்சு. மாசம் பத்துப் பக்கம் அடிக்கிற தம்பிக்கு? 18 வருஷம்! பையன் காலேஜ் முடிச்சு வேலைக்கே போயிடுவான். "அப்ப மலிவா கார்ட்ரிட்ஜ் மெஷினே வாங்கிக்கிறேண்ணே"ன்னான். அதுவும் வேணாம். மாசத்துக்கு ஒரு நாள் அடிச்சா ரெண்டுலயும் மை காயும். இங்க்ஜெட்ங்கறது வாசல் முல்லைக்கொடி மாதிரி, வாரம் ஒருதடவையாவது கவனிக்கணும். பத்துப் பக்கத்துக்கு ஜெராக்ஸ் கடையில அம்பது ரூபாய் கொடுத்துட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கடைக்காரர் மழையில ஷட்டரைத் தூக்குவார். பிரிண்டர் தூக்காது.

நிஜமாவே வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு, நான் (அதாவது தங்கமணி!) கண்டுபிடிச்ச விஷயங்கள்:

1. ஸ்கேனரை முதல்ல பாருங்க. பிரிண்ட் தரம் எல்லாத்துலயும் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல கண்ணாடி வச்ச சாதா ஸ்கேனர் ஏ4 அளவுதான். லீகல் சைஸ் பத்திரம், ஒப்பந்தம் எல்லாம் அதுல அடங்காது, கீழ ரெண்டு கையெழுத்து வெளிய நிக்கும். தாளை அடுக்கி வச்சா தானா இழுத்துக்கிற ஃபீடர் இருந்தா லீகலும் போகும், அம்பது பில்லையும் ஒரே மூச்சுல எடுக்கலாம். பழைய, நைஞ்ச மூலப்பத்திரத்தை மட்டும் தயவுசெஞ்சு ஃபீடர்ல விடாதீங்க. அதைக் கண்ணாடியில வச்சு ரெண்டு பாகமா எடுங்க. எழுத்துக்கு 300 டி.பி.ஐ. போதும்.

2. கறுப்பு மை பிக்மெண்டா, டையான்னு கேளுங்க. டை மை தண்ணி பட்டா கரையும். பிக்மெண்ட் பெரும்பாலும் தாங்கும். எங்க 12 பக்கம் இதுக்கு சாட்சி.

3. லேசர் வாங்கலாமான்னா, கறுப்பு மட்டும் போதும், எப்பவாச்சும்தான் அடிப்பீங்கன்னா தாராளமா வாங்கலாம். டோனர் பொடி, காயாது. ஆனா தாளைச் சூடு பண்ற நேரத்துல பல நூறு வாட் இழுக்கும். சின்ன யு.பி.எஸ்.ல மாட்டாதீங்க, கத்தும். எங்களுக்கு கலரும் வேணும், கரண்ட் போனா இன்வெர்ட்டர்லயும் ஓடணும். அதனால இங்க்ஜெட்.

4. சுவர் சுவிட்சுல அணைக்காதீங்க. இது ரொம்ப முக்கியம். "கரண்ட் வீணாகுது"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க மெயின் சுவிட்சைத் தட்டிடுவாங்க. பிரிண்டரோட பட்டனை அமுக்கினாத்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். இல்லைன்னா திறந்தபடியே காயும். பல டேங்க் மாடல்ல ஹெட் மெஷினோடவே இருக்குறதால, ரிப்பேர்னா பாதி மெஷின் விலை கேப்பாங்க.

5. வைஃபை பிரிண்டர்ல பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் பேசும். புது ரவுட்டர்ல பிரிண்டர் கிடைக்கலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. நான் ஒரு ஞாயித்துக்கிழமையே தொலைச்சிருக்கேன்.

6. வாரண்டியில "இத்தனை வருஷம் அல்லது இத்தனை பக்கம், எது முதல்ல வருதோ"ன்னு பொடி எழுத்துல இருக்கும். நிறைய அடிக்கிறவங்க அந்தப் பக்கக் கணக்கைப் படிங்க. வீடு மாத்தும்போது டேங்க் பிரிண்டரை சாய்ச்சுத் தூக்காதீங்க, அப்புறம் லாரிக்கே கலர் அடிச்ச மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது பிரிண்டர் வாங்கினப்ப நான் ஒன்னும் சொல்லல. அவங்க ஒரு நோட்டுல ரெண்டு மாசம் எண்ணி எழுதினாங்க: இத்தனை பக்கம் கறுப்பு, இத்தனை கலர், இத்தனை ஸ்கேன். ஸ்கேன்தான் அதிகம்! எனக்கு அது தோணவே இல்ல. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு கடைக்குப் போய், விக்கிற பையன்கிட்ட, "தம்பி, பெட்டியை அப்புறம் காட்டுப்பா, மை பாட்டில் விலையை முதல்ல சொல்லு"ன்னாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன் :-)

எது நல்ல பிரிண்டர்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. யாரு அதுல வேலை பாக்கப் போறாங்களோ அவங்ககிட்ட கேளுங்க. வீட்டுல இருந்து பாக்குற வேலைன்னா அதுவும் வேலைதான், நாம ஆஃபர் பார்த்து வாங்கித் தர்ற பொழுதுபோக்கு இல்ல. இதைப் புரிஞ்சுக்க எனக்கு 4,000 ரூபாயும் ஒரு மழை ராத்திரியும் ஆச்சு. நனைஞ்சது நான் இல்லைங்கறதுதான் இன்னும் உறுத்துது.

பி.கு.: பழைய பிரிண்டர் பரண்ல இருக்கு. ஸ்கேனர் மட்டும் ஓடும்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். அதுக்கும் நீல மை கேக்குது.