ஆயத்த ஆடையை நம் அளவுக்குத் தைத்தல்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று கிழக்கு மாகாணத்திலிருந்து. பள்ளிவாசலில் கதீபாக இருந்து மவுத்தான தன் வாப்பா கொப்பிகளில் எழுதிவைத்துப்போன குத்பாக் குறிப்புகளை வலைப்பூவில் ஏற்றிவைக்க வேண்டும் என்பது அந்தச் சகோதரியின் ஆசை. வேர்ட்பிரஸ் தளமொன்றைத் தொடங்கியும் விட்டார். "தீமைப் பார்க்கும்போது வடிவாக இருந்தது. எங்கள் எழுத்தைப் போட்டதும் கோலம் கெட்டுவிட்டது. தமிழ்த் தலைப்புகளில் ஒரு வரி மற்ற வரியின் மேல் ஏறுகிறது. குர்ஆன் வசனத்தின் எழுத்துக்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. பார்க்கவே மனம் பதறுகிறது. தளத்தை மூடிவிடவா?" என்று கேட்டிருக்கிறார்.

மூட வேண்டாம். உங்கள் வாப்பாவின் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டது ஆடை மட்டுந்தான்.

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 2005 பெப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் 'தீம்' என்ற ஏற்பாடு அதில் சேர்ந்தது. தமிழில் இதை வார்ப்புரு என்பார்கள். நாம் எழுதுவது ஓரிடத்தில், தரவுத்தளத்தில் இருக்கும். அது எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எத்தனை பத்தியாகத் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்லும் கோப்புகள் வேறோரிடத்தில் இருக்கும். அந்தக் கோப்புத் தொகுதிதான் தீம். தீமை இன்று மாற்றி நாளை மீண்டும் மாற்றினாலும் கட்டுரைகளில் ஓர் எழுத்தும் குறையாது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பயம் போய்விடும்.

தீம் என்பது கடையில் வாங்கும் ஆயத்த ஆடை. அதை வெட்டியவர் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வெட்டியிருக்கிறார். ஆங்கில எழுத்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும், சொற்கள் குட்டை. நம் தமிழ் எழுத்தோ 'கீ' என்றால் மேலே வளைகிறது, 'ழூ' என்றால் கீழே இறங்குகிறது. 'கொண்டிருக்கின்றார்கள்' என்ற ஒரே சொல் கைத்தொலைபேசித் திரையின் முக்கால் அகலத்தை எடுத்துவிடுகிறது. அதே பக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடும் அரபும் வருகிறது. இரண்டு எழுத்துக்கும் அளவெடுக்காத சட்டை எப்படிப் பொருந்தும்? தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தீமை நிறுவுவது சிறிய வேலை. நிர்வாகப் பக்கத்தில் 'தோற்றம்' என்ற பகுதிக்குள் 'தீம்கள்' இருக்கும். 'புதியதைச் சேர்' என்பதை அழுத்தினால் வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ள ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் வரும். நிறுவி, முன்னோட்டம் பார்த்து, பிடித்தால் செயற்படுத்தலாம். 2010 முதல் வேர்ட்பிரஸ்காரரே பெரும்பாலும் ஆண்டுக்கொரு தீமை அந்த ஆண்டின் பெயரிலேயே வெளியிட்டு வருகிறார்கள். முதன்முதலாகத் தளம் அமைப்பவர் அவற்றில் ஒன்றை எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பகட்டு இல்லை, பாரமும் இல்லை.

தெரிவு செய்யும்போது மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே நீங்கள் பார்ப்பது ஆங்கில எழுத்தும், விலைக்கு எடுத்த பெரிய படங்களும். அந்த அழகான ஆங்கில எழுத்துருவில் தமிழ் எழுத்தே இருக்காது. தமிழைக் கண்டதும் உலாவி அதை விட்டுவிட்டுக் கருவியில் இருக்கும் ஏதாவதொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கணனியில் லதாவோ நிர்மலாவோ வரும், அண்ட்ராய்ட் கைத்தொலைபேசியில் நோட்டோ வரும். ஆகவே உங்கள் கட்டுரை ஒன்றை, நீண்ட தலைப்போடும் ஓர் அரபு வசனத்தோடும் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். படமில்லாமலும் நிற்கக்கூடிய தீமாக இருக்க வேண்டும். முகப்படம் போட விரும்பாத சகோதரிகள் நம்மில் அநேகர். ஒவ்வொரு கட்டுரைக்கும் பெரிய படம் கேட்டு, இல்லாவிட்டால் சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டும் தீம் நமக்கு உதவாது.

இனித் தைப்பு வேலை. முதலில் தமிழ்.

2022இல் வந்த 5.9 பதிப்பிலிருந்து புதிய வகைத் தீம்களில் 'தோற்றம்', 'எடிட்டர்', 'ஸ்டைல்ஸ்' என்று போனால் எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் அங்கேயே மாற்றலாம். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பில் எழுத்துரு நூலகமும் அதில் சேர்ந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிப் தமிழ், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகியவை இலவசம். ஒன்றை நிறுவினால் அது உங்கள் தளத்திலேயே வந்து இருந்துகொள்ளும். சாதாரணம், தடிப்பு ஆகிய இரண்டு மட்டும் போதும். ஒன்பது தடிமனையும் ஏற்றினால் வாசிக்கிறவரின் டேட்டாதான் கரையும்.

எழுத்தின் அளவை 18 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். வரி உயரத்தை ஆங்கிலத் தீம்கள் 1.5 என்று வைத்திருக்கும். தலைப்புகளில் 1.1, 1.2 என்றுகூட இறுக்கியிருக்கும். மேல்வரியின் 'ழூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்வது அதனால்தான். கட்டுரைக்கு 1.8, தலைப்புக்கு 1.4 என்று கொடுத்துப் பாருங்கள், தமிழ் மூச்சு விடும். தலைப்பின் அளவையும் குறையுங்கள். ஆங்கிலத்துக்கு 60 பிக்சல் எடுப்பாக இருக்கும், தமிழில் அது கைத்தொலைபேசித் திரைக்கு வெளியே ஓடிவிடும். சாய்வெழுத்து வேண்டாம். தமிழுக்கென்று வரைந்த சாய்வெழுத்து அநேக எழுத்துருக்களில் இல்லை. உலாவி நேரெழுத்தைப் பிடித்துச் சரித்துவைக்கும், காற்றடித்த வேலி மாதிரி இருக்கும். மெனுவில் 'எங்களைப் பற்றிய அறிமுகம்' என்று நீட்டாமல் 'அறிமுகம்' என்று விட்டால் ஒரே வரியில் அடங்கும்.

பழைய கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவில் தட்டிவைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை அப்படியே ஒட்டினால் எந்தத் தீமிலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். குற்றம் தீமில் இல்லை. யுனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துச் சரிபார்த்து ஏற்றுங்கள்.

அடுத்தது அரபு. இதில்தான் அதிக கவனம் வேண்டும். தமிழ் கோணலாகத் தெரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். இறைவசனம் உடைந்து தெரிவதை அப்படி விட்டுவிட முடியாது.

எழுத்துக்கள் பிரிந்து நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: தீமில் 'லெட்டர் ஸ்பேசிங்' என்ற எழுத்திடைவெளி கொடுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத் தலைப்புக்கு அது அலங்காரம். அரபு எழுத்து ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது, நடுவே இடைவெளி புகுந்தால் கோப்பு அறுந்துவிடும். அதை 0 ஆக்குங்கள். வசனத்தின் முற்றுக்குறியும் வசன எண்ணும் இடம் மாறிக் குதிப்பதற்குக் காரணம், அந்தப் பந்தி இடமிருந்து வலமாக ஓடுவதாகவே தீம் நினைத்துக்கொண்டிருப்பது. அதற்காகத் தளத்தின் மொழியையே அரபுக்கு மாற்றிவிடாதீர்கள். முழுத் தளமும் வலப்பக்கம் திரும்பிவிடும், தமிழும் சேர்ந்து திரும்பும்.

செய்ய வேண்டியது இது. அரபு வசனத்தைத் தனிப் பந்தியாக வையுங்கள். அந்தப் பந்தியைத் தெரிவுசெய்து, வலப்பக்கப் பட்டியில் 'அட்வான்ஸ்ட்' என்பதன் கீழ் உள்ள கூடுதல் வகுப்புப் பெட்டியில் 'அரபி' என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள். பிறகு 'ஸ்டைல்ஸ்' பகுதியின் மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'கூடுதல் சி.எஸ்.எஸ்.' என்ற பெட்டி வரும். பழைய வகைத் தீமானால் அது 'கஸ்டமைஸ்' என்பதற்குள் இருக்கும். அங்கே புள்ளியோடு அந்தப் பெயரை எழுதி, நெளிவடைப்புக்குள் ஐந்து கட்டளைகள் கொடுக்க வேண்டும்: திசை வலமிருந்து இடம், எழுத்துரு அமிரி, அளவு தமிழைப்போல ஒன்றரை மடங்கு, வரி உயரம் 2.2, எழுத்திடைவெளி 0. கட்டளைகளுக்கான ஆங்கிலச் சொற்களை வீட்டில் கணனி படிக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் தட்டித்தரும். ஒருமுறை எழுதினால் போதும். இனி எந்த வசனத்துக்கும் அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும்.

அமிரியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கெய்ரோவின் புலாக் அச்சகத்தில், அமிரியா அச்சகம் என்றும் அதற்குப் பெயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவித்த ஈய அச்செழுத்தைப் பார்த்துக் கணனிக்கு வரைந்த எழுத்துரு அது. இலவசம். ஹரகத்துக்களும் நிறுத்தற் குறிகளும் எழுத்தோடு மோதாமல் உட்காரும். அதனால்தான் வரி உயரத்தை அவ்வளவு கூட்டச் சொன்னேன். நம் வீடுகளில் அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நெருங்கிய வரி பிடிக்காது. ஸலவாத்து முழுவதையும் ஒரே குறியாகத் தரும் எழுத்தும் அமிரியில் இருக்கிறது. எழுத்துருவில் அது இல்லாதபோது பெருமானாரின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றுச் சதுரம் நிற்கக்கூடும். நிச்சயமில்லாவிட்டால் தமிழில் (ஸல்) என்றே எழுதிவிடுங்கள்.

வசனத்தை நீங்களாகத் தட்டவும் வேண்டாம். 2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம் சரிபார்த்த யுனிகோட் குர்ஆன் மூலத்தை இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து எடுத்து ஒட்டி, அச்சிட்ட முஸ்ஹபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலாவியை மாற்றியும் பாருங்கள். வீட்டில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்குமே, எல்லாவற்றிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கட்டளைகளைத் தீமின் சொந்தக் கோப்புக்குள் போய் எழுதாதீர்கள். தீமுக்குப் புதுப்பித்தல் வரும்போது கோப்பு முழுவதும் மாறி உங்கள் தையல் அவிழ்ந்துவிடும். நான் சொன்ன பெட்டியில் எழுதியது அப்படிப் போகாது. கோப்பிலேயே கைவைக்க வேண்டிய பெரிய மாற்றமென்றால் 'சைல்ட் தீம்', அதாவது பிள்ளைத் தீம் என்று தனிக் கோப்புறை செய்து, தாய்த் தீமின் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றங்களை அதற்குள் மட்டும் வைப்பார்கள். தாய் புதுப்பிக்கப்பட்டாலும் பிள்ளையிடம் இருப்பது இருக்கும்.

விலைக்கு விற்கும் தீமை எங்கிருந்தோ சும்மா இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து தருவார்கள். வாங்காதீர்கள். 2019 நவம்பரில் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், அப்படிப்பட்ட திருட்டுத் தீம்கள் வழியாக டபிள்யூ.பி.-வி.சி.டி. என்ற நச்சுநிரல் ஏராளமான தளங்களில் பரவியிருப்பதை விவரித்தது. தளத்துக்குச் சொந்தக்காரரே தன் கையால் நிறுவிக்கொள்ளும் நோய் அது. குத்பாக் குறிப்பை வாசிக்க வந்த ஒருவருக்குச் சூதாட்ட விளம்பரம் துள்ளிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்?

பெண்களுக்கென்று இன்னொரு விஷயம். அநேக தீம்கள் கட்டுரையின் கீழ் எழுதியவரின் பெயரையும் படத்தையும் தானாகக் காட்டும். நுழைவதற்கான பயனர்பெயரே வெளியே தெரிவதும் உண்டு. 'பயனர்கள்' பகுதியில் காட்டும் பெயரை 'உம்மு' சேர்த்த புனைபெயராகவோ விரும்பிய வேறொன்றாகவோ மாற்றுங்கள். எழுத்தாளர் பெட்டி வேண்டாமென்றால் எடிட்டரில் அழித்துவிடலாம். வீட்டில் எடுத்த படங்களில், கைத்தொலைபேசியின் அமைப்பைப் பொறுத்து, எடுத்த இடமும் பதிந்திருக்கக்கூடும். கமெராவில் இட அடையாளத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் பக்கமும் கெதியாகத் திறக்கும்.

கடைசியாகத் திறப்பு. தளம் அமைத்துத்தர வெளியாள் ஒருவரைப் பிடித்தால், தளப்பெயரும் இடவாடகைக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்குத் தனியான நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொடுங்கள். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். நீக்கும்போது அவர் பெயரில் உள்ள கட்டுரைகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். 'அழி' என்பதை அழுத்தாமல் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு முன் 'கருவிகள்' பகுதியில் 'ஏற்றுமதி' என்பதை அழுத்தி எழுத்து முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். படங்கள் அந்தக் கோப்புக்குள் வராது, அவற்றைத் தனியாகப் பிரதி எடுத்துவைக்க வேண்டும். வாப்பாவின் கொப்பிகளையும் தட்டி முடித்த கையோடு எறிந்துவிடாமல் அலுமாரியில் வையுங்கள்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், தளப்பெயர் வாங்குவது பற்றிப் பார்ப்போம். '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயர்கள் 2010 முதல் இருக்கின்றன.

வஸ்ஸலாம்.